நல்ல காரியத்துக்கென்று வாங்கிய உடுப்பு: உங்கள் அனுபவம் என்ன?

கல்லடியிலிருந்து:

சித்திரைப் புத்தாண்டுக்கு நான் உடுத்த சேலை எங்கே வாங்கியது என்று பலர் கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் தொடங்குகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

வெங்காயத்தோல் நிறம், கரையில் மெல்லிய கறுப்புக் கோடு, முந்தானையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். மருதமுனைக் கைத்தறி. கணவரை இழந்த பெண்கள் சிலர் சேர்ந்து மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் விற்பனை வைத்திருந்தார்கள். மிஞ்சுகிற காசு பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு.

எனக்கு இதில் முன்பே ஒரு கசப்பு உண்டு. கொழும்பில் ஒரு கடையில் ரீசேட் வாங்கினேன். ‘இதில் ஒரு பங்கு ஏழைப் பிள்ளைகளுக்கு’ என்று அட்டை தொங்கியது. எவ்வளவு பங்கு என்று கேட்டேன், கல்லாவில் இருந்த பிள்ளைக்குத் தெரியவில்லை. இரண்டு முறை மின்னஞ்சல் எழுதியும் பதில் வரவில்லை. அன்றிலிருந்து அட்டையை நம்பி வாங்குவதை விட்டுவிட்டேன்.

அதனால் மண்டபத்திலும் தயங்கித் தயங்கி அதே கேள்வியைக் கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த அக்கா முகம் சுளிக்கவில்லை. ஒரு கொப்பியை எடுத்து என் பக்கம் திருப்பிவைத்தார். சேலை 6,500 ரூபாய். நூலுக்கும் சாயத்துக்கும் 2,600, நெய்தவருக்கு 2,400, மண்டபமும் பஸ்ஸும் 400, பிள்ளைகளுக்கு 1,100. பென்சிலால் எழுதிய கணக்கு. நெய்தவருக்கு முதலில் கூலி கொடுத்துவிட்டு மிச்சத்தில்தான் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒருவர் வயிற்றில் அடித்து இன்னொருவருக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் உடனே இரண்டு சேலை எடுக்கப் போனேன். அவர் தடுத்தார். “பிடிச்சா மட்டும் எடுங்க மகள். பாவம் எண்டு எடுத்தா அது அலுமாரிக்குள்ளதான் கிடக்கும். நீங்க உடுத்துப் போனாத்தான் நாலு பேர் கேப்பாங்க.” ஒன்றுதான் எடுத்தேன். அவர் சொன்னபடியே நாலு பேருக்கு மேல் கேட்டுவிட்டார்கள்.

மருதமுனையிலிருந்து:

கல்லடி அக்கா, வாசித்ததும் சந்தோசமாக இருந்தது. நான் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவள். 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் வீட்டு இரண்டு தறிகளையும் கடல் கொண்டுபோனது. பிறகு ஒரு நிறுவனம் புதுத்தறி தந்தது. ஆனால் நூல் வாங்கக் காசு இல்லை, ஏழு மாதம் அந்தத் தறி சும்மா நின்றது. வாப்பா அதைத் துடைத்துத் துடைத்து வைப்பார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்கு நன்கொடையைவிட முற்பணத்தோடு வரும் ஓடர்தான் பெரிய உதவி. நூல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது நூல் விலையும் கூடவே ஏறியது, பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட சேலைகளை நட்டத்துக்கு நெய்து கொடுத்தோம்.

இன்னொன்று. ‘எனக்கு மட்டும் இந்த நிறத்தில் ஒன்று’ என்று கேட்பவர்களுக்கு முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், ஓட்டினால் பத்துப் பன்னிரண்டு சேலைக்கு அதுதான் பாவு, இடையில் மாற்ற முடியாது. குறுக்கே ஓடும் ஊடை நூலைத்தான் மாற்றலாம். கருநீலப் பாவில் பச்சை ஊடை போட்டால் மயில்கழுத்து மாதிரி வரும், சிவப்புப் போட்டால் கத்தரிப்பூ நிறம் வரும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு பாவைச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு ஊடை கேளுங்கள். உங்களுக்கும் தனி நிறம், எங்களுக்கும் ஒரு மாதம் வேலை.

பேரம் பேசாதீர்கள். ‘தர்மத்துக்கு வாங்குகிறேன்’ என்றும் சொல்லாதீர்கள். உம்மாவுக்கு அது நெஞ்சில் குத்தும், அவர் உழைத்துத்தான் விற்கிறார்.

லண்டனிலிருந்து, பிறந்த ஊர் களுவாஞ்சிக்குடி:

இங்கே ஒக்ஸ்பாம் கடைகள் இருக்கின்றன. 1942இல் ஒக்ஸ்போர்டில் தொடங்கிய அமைப்பு. மக்கள் கொடுக்கும் பழைய உடுப்பை விற்று அந்தக் காசில் வறியவர்களுக்கு உதவுகிறார்கள். என் நல்ல லினன் கோட் அங்கே எடுத்ததுதான். கூச்சம் இருந்தது, போட்டுப் பார்த்ததும் போய்விட்டது.

உங்கள் கணக்குக் கொப்பியை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இதுதான். நான் இரண்டு பட்டுச் சேலைகளைக் கொடுத்து, கிஃப்ட் எய்ட் படிவமும் நிரப்பினேன். இங்கே வரி கட்டுபவர் அப்படிச் செய்தால், அவர் பொருள் விற்ற ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அந்த அமைப்புக்கு மேலதிகமாகக் கிடைக்கும். பிறகு, என் பொருட்கள் எவ்வளவுக்கு விற்றன என்று எனக்கே கடிதம் வந்தது. சின்னத் தொகைதான், ஆனாலும் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

கல்லடியிலிருந்து மீண்டும்:

மருதமுனைத் தங்கச்சி, உங்கள் பதிலை வேலைத்தளத்தில் காட்டினேன். இதுவரை ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம், பாதிப் பணம் முன்பே தர எல்லோருக்கும் சம்மதம். கருநீலப் பாவு. எனக்குப் பச்சை ஊடை. இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது, நிறத்தைச் சொல்லுங்கள்.