கால் புண் கட்டு: கடலூரில் கருவியும் கைகளும் தேவை

கடலூர் முதுநகரில் நாள் முழுக்க நின்றே மீன் விற்கும் அக்காமார்களுக்காகக் கேட்கிறோம். உள் கணுக்காலுக்கு மேலே மாதக்கணக்கில் ஆறாத புண். சிரையின் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாயின்) வால்வு பழுதாகி ரத்தம் கீழேயே தேங்குவதால், தோல் கருத்துத் தடித்து, சின்னக் கீறல்கூடப் புண்ணாகிவிடுகிறது. களிம்பை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை; அழுத்தக் கட்டுதான் முக்கிய சிகிச்சை.

தேவைப்படுவது:

8 மெகாஹெர்ட்ஸ் கைடாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க உதவும் கையடக்கக் கருவி), இரவலாக. கட்டும் முன் இதை வைத்துப் பார்க்க வேண்டும்: கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்தால் 0.8-க்குக் கீழே வருகிறதா? தமனி அடைப்பு இருக்கலாம், இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அவர்களை ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

10 செ.மீ. அகல, குறைவாக நீளும் பாண்டேஜ் புதுச்சேரியில் எந்தக் கடையில் கிடைக்கும்? சாதாரண கிரேப் பாண்டேஜ் சில மணி நேரத்திலேயே தளர்ந்துவிடுகிறது.

வாரம் ஒருமுறை வரக்கூடிய, கட்டத் தெரிந்த செவிலியர். பாதத்தை 90 டிகிரியில் வைத்து, விரலடியிலிருந்து முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே வரை, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம், மேலே போகப் போகக் குறைய வேண்டும். ஆடுசதையில் இறுகினால் பாதம் வீங்கிவிடும், தயவுசெய்து இதில் கவனம். விரல் நீலித்தாலோ மரத்தாலோ உடனே அவிழ்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

உதவ முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.