லூவர் வெள்ளையா, மஞ்சளா? ராயபுரம் டபிள்யூ.ஏ.பி-7, டீத்தூள் லிவரி, ஹெச்.ஓ. மாடல்

ராயபுரம்1856 | சனி, இரவு 9.12
நேற்று பெரம்பூர்_ஷெல் தன் புது மாடலின் படத்தைப் போட்டு, "இம்மி பிசகாத நகல்" என்று எழுதியிருந்தார். முப்பது பேர் கைதட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு மனசு ஆறவில்லை, அதனால் தனி இழையாகவே போடுகிறேன்.

டீத்தூள் கம்பெனி விளம்பரம் ஒட்டி ஓடியதே, நம்ம ராயபுரம் ஷெட்டின் டபிள்யூ.ஏ.பி-7 மின்சார என்ஜின், அதன் ஹெச்.ஓ. மாடல்தான் அது, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. லிவரி, அதாவது உடம்பின் நிற அலங்காரம், முழுக்க மஞ்சள். சரி. ஆனால் பக்கவாட்டு லூவரையும், அதாவது காற்று போகும் சாய்ந்த தகட்டுச் சன்னலையும், மஞ்சளாக்கி வைத்திருக்கிறார். அசலில் லூவர் வெள்ளை. மோட்டார்களைக் குளிரவைக்கும் புளோயர் அந்த வழியாகத்தான் வெளிக்காற்றை இழுக்கிறது. அதன்மேல் விளம்பர ஸ்டிக்கரான வினைலை ஒட்டினால் மனுஷன் மூக்கில் பிளாஸ்திரி போட்ட கதைதான். அதனால் சட்டத்தை ஒட்டி பிளேடால் அறுத்து எடுத்துவிடுவார்கள், அடியில் இருக்கும் பழைய வெள்ளை அப்படியே தெரியும்.

கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வரும்போது பேசின்பிரிட்ஜில் சிக்னலுக்காக நிறுத்தினான். பக்கத்து லைனில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அந்த என்ஜின். லூவர் தகடுகளில் வெள்ளைக்கு மேல் கரித்தூசி. கீழ் மூலையில் வினைல் நகக்கண் அளவு பிரிந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இதைப் பார்க்காதவர் "இம்மி" என்ற வார்த்தையைத் தொடக்கூடாது.

பெரம்பூர்_ஷெல் | சனி, இரவு 9.40
அண்ணே, மூன்று மாத உழைப்பு. 3டி பிரிண்ட் உடம்பு, வரி தெரியாமல் இருக்க ஆறு முறை உப்புத்தாள், பிரைமர், அப்புறம் ஏர்பிரஷ். அசல் நீளம் 20,562 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 236. என் மாடல் 236. மண்ணடியில் எழுத்து, படம் ஒட்டும் டெக்கல் தாள் அச்சடித்தபோது அடியில் வெள்ளை மை போடாமல் கொடுத்துவிட்டார்கள், எழுத்தெல்லாம் மஞ்சளுக்குள் முங்கிவிட்டது. மொத்தத்தையும் கழுவித் துடைத்து மறுபடி செய்தேன். இவ்வளவுக்கும் ஒரு வார்த்தை கிடையாது, லூவர் மட்டும் கண்ணில் படுகிறது.

லூவர் மஞ்சள்தான். வினைல் ஒட்டாத இடத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். பெரம்பூர் இரண்டாம் பிளாட்பாரத்தில் நான் எடுத்த போட்டோ இருக்கிறது.

ராயபுரம்1856 | சனி, இரவு 9.47
போட்டோவைப் பார்த்தேன். சாயங்காலம் ஐந்தரை மணி வெயில். அந்த வெயிலில் என் வெள்ளை வேட்டியும் மஞ்சளாகத்தான் தெரியும். லூவர் வெள்ளை.

ஸ்விஸ்_பெட்டி | சனி, இரவு 10.05
நீங்கள் இருவரும் சின்னதுக்கு அடித்துக்கொள்கிறீர்கள். 2008 ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பைக்கு ஆஸ்திரிய ரயில்வே, ஆடிய 16 அணிகளுக்கும் ஆளுக்கொரு டாரஸ் என்ஜினை அந்தந்த நாட்டு நிறத்தில் அலங்கரித்தது. மாடல் கம்பெனியான ரோகோ அவற்றை மாடலாகவும் போட்டது. சுவிட்சர்லாந்தின் ரீ 460 வகையில் மொத்தம் 119 என்ஜின்கள், அவற்றில் எத்தனையோ விளம்பரத்தோடு ஓடின. அங்கே கம்பெனிகள் ஒரே அச்சில் உடம்பை வார்த்துவிட்டு, மேலே அச்சடிக்கும் படத்தை மட்டும் மாற்றும். விளம்பர லிவரி மாடல் என்றாலே அப்படித்தான். உடம்பு விவரம் ஒரு வருடத்து என்ஜினுடையது, படம் இன்னொரு வருடத்தது என்று ஆகிவிடுவதும் உண்டு. அதையே அலமாரியில் வைத்து ரசிக்கிறார்கள்.

ராயபுரம்1856 | சனி, இரவு 10.11
அவர்கள் ரசிக்கட்டும். அவர்கள் என்ஜின் என் வீட்டு வாசலில் ஓடவில்லை. இது ஓடியது. கம்பெனிக்காரன் லாபத்துக்காகச் செய்யும் தவறை நம் ஆள் கையால் செய்யலாமா?

கொருக்குப்பேட்டை_கேட் | சனி, இரவு 10.20
ஒரு சந்தேகம். "அச்சு அசல்" என்றால் எந்தத் தேதியின் அசல்? விளம்பர வினைல் சில மாதம்தான் இருக்கும். ஒட்டிய அன்று ஒரு மாதிரி, ஒரு மழைக்காலம் போனதும் வேறு மாதிரி. இடையில் ஷெட்டில் கைவைத்தால் மூன்றாவது மாதிரி. நீங்கள் பார்த்த நாளும் அவர் போட்டோ எடுத்த நாளும் எது எது? முதலில் அதை முடிவு செய்துவிட்டுப் பேசலாமே?

ராயபுரம்1856 | சனி, இரவு 10.24
எந்தத் தேதியாக இருந்தாலும் லூவருக்குக் காற்று வேண்டும். வெள்ளை.

பெரம்பூர்_ஷெல் | சனி, இரவு 10.26
பெயின்ட் அடித்தால் காற்று நின்றுவிடுமா? மஞ்சள்.

ரேடியம்கட்டிங் | சனி, இரவு 10.38
பதினெட்டு வருஷமாக ஸ்டிக்கர் தொழில் செய்கிறேன், தண்டையார்பேட்டையில். பஸ் கண்ணாடியில் விளம்பரம் ஒட்டுவோம், உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே இருப்பவருக்குப் படம் மட்டும் தெரியும். அது பொடி ஓட்டை போட்ட வினைல். அதை லூவர் மேல் ஒட்டியிருந்தால்? தூரத்தில் மஞ்சள், கிட்டே போனால் வெளுப்பு. இரண்டு பேருமே சரியாக இருக்கலாம்.

ராயபுரம்1856 | சனி, இரவு 10.51
கண்ணாடி சமதளம், ஒட்டும். லூவர் என்பது சாய்ந்த தகடுகள். ஓட்டை வினைலுக்கு அங்கே ஒட்டப் பிடிமானமே கிடையாது. 110 கிலோமீட்டர் வேகத்தில் அரக்கோணம் தாண்டுவதற்குள் பிய்த்துக்கொண்டு போய்விடும். தொழில்காரர் நீங்களே இப்படிச் சொல்லலாமா தம்பி?

ரேடியம்கட்டிங் | சனி, இரவு 10.55
தம்பி என்று கூப்பிடாதீர்கள், எனக்கு ஐம்பத்திரண்டு. நான் ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்றாவது பிய்ந்தது என்று காட்டுங்கள்.

தண்டையார்பேட்டை_யார்டு | சனி, இரவு 11.10
எல்லாரும் லூவரைப் பார்க்கிறீர்கள், சக்கரத்தைப் பார்த்தீர்களா? நம்ம பிராட்கேஜ் தண்டவாள அகலம் 1,676 மில்லிமீட்டர். ஹெச்.ஓ. அளவில் அது 19.3 வரவேண்டும். மாடல் நிற்பது 16.5 தண்டவாளத்தில். அது 1,435 உள்ள வெளிநாட்டுப் பாதைக்கான அகலம். அசல் கணக்கில் 24 சென்டிமீட்டர் குறைச்சல். உடம்பு குண்டு, கால் குச்சி. இதில் லூவர் நிறம் ஒரு கேடா?

பெரம்பூர்_ஷெல் | சனி, இரவு 11.16
19.3 தண்டவாளம் கடையில் விற்கிறதா தலைவா? கையால் போட்டால் ஒரு வளைவுக்கே ஒரு மாதம். நீங்கள் போட்டுக் காட்டுங்கள், வந்து பார்க்கிறேன்.

தண்டையார்பேட்டை_யார்டு | சனி, இரவு 11.19
மூன்று அடி போட்டிருக்கிறேன். நேர்கோடு.

பெரம்பூர்_ஷெல் | சனி, இரவு 11.20
மூன்றடி நேர்கோட்டில் ரயில் எங்கே போகும்?

ராயபுரம்1856 | சனி, இரவு 11.31
பேச்சை மாற்றாதீர்கள். கேஜ் எல்லாருக்கும் உள்ள கஷ்டம், என் மாடல்களும் 16.5-இல்தான் நிற்கின்றன. அதைச் சொல்லித்தான் விற்கிறோம், காட்டுகிறோம். லூவர் அப்படியில்லை. ஒரு துளி வெள்ளை பெயின்ட், ஒரு மணி நேரம், அவ்வளவுதான் வேலை. ஹெச்.ஓ.வில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் அசலில் கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர். இங்கே ஒரு லூவர் சட்டம் முழுசும் தப்பு. ராயபுரத்தில் 1856-இல் ஸ்டேஷன் திறந்தார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு போனது. அந்த ஊர் பெயரைத் தாங்கி ஓடிய என்ஜினைத் தப்பாகக் காட்டினால் வலிக்கிறது.

பெரம்பூர்_ஷெல் | சனி, இரவு 11.38
வந்துவிட்டது 1856. எதைப் பேசினாலும் 1856. எங்கள் ஊரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐ.சி.எஃப். 1955-இல் தொடங்கியது. 2018-இல் முதல் வந்தே பாரத் இங்கிருந்துதான் வெளியே வந்தது. நீங்கள் ஸ்டேஷனைத் திறந்தீர்கள், நாங்கள் ரயிலைச் செய்கிறோம்.

ராயபுரம்1856 | சனி, இரவு 11.41
ஐ.சி.எஃப். செய்வது பெட்டி. இங்கே பேச்சு என்ஜின். லூவர் பெட்டியில் இல்லை, என்ஜினில் இருக்கிறது, அது வெள்ளை.

பெரம்பூர்_ஷெல் | சனி, இரவு 11.52
உங்களுக்கு என்மேல் என்ன கோபம் என்று எனக்குத் தெரியும். போன வருடம் கண்காட்சி மேஜையில் உங்கள் மாடலுக்குப் பக்கத்தில் என்னுடையதை வைத்தார்கள், பசங்க எல்லாம் என் பக்கம் நின்றார்கள். அன்றிலிருந்து இதுதான்.

ராயபுரம்1856 | ஞாயிறு, காலை 6.05
பசங்க நின்றது விளக்கு எரிந்ததால். என்னிடம் வாங்கிப்போன ஏர்பிரஷ் ஊசி பதினோரு மாதமாகத் திரும்பவில்லை. அதை நான் இங்கே சொல்ல நினைக்கவில்லை. நீங்கள் சொல்ல வைத்தீர்கள்.

பெரம்பூர்_ஷெல் | ஞாயிறு, காலை 7.30
ஊசி வளைந்துதான் வந்தது. நேராக்கி வைத்திருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை_கேட் | ஞாயிறு, காலை 8.15
இன்று காலை அந்த என்ஜினைப் பார்த்தேன். வினைலை உரித்துவிட்டார்கள். பழையபடி வெள்ளை உடம்பு, சிவப்புப் பட்டை. புதுப் பெயின்ட், லூவர் உட்பட. இனி யாரும் நேரில் போய்ப் பார்த்து எதையும் நிரூபிக்க முடியாது.

ராயபுரம்1856 | ஞாயிறு, காலை 8.19
பார்த்தீர்களா, லூவர் வெள்ளை.

பெரம்பூர்_ஷெல் | ஞாயிறு, காலை 8.20
அது இப்போது அடித்த வெள்ளை! அடியில் சுரண்டிப் பார்த்தால் மஞ்சள் வரும்.

ரேடியம்கட்டிங் | ஞாயிறு, காலை 8.34
உரித்த இடத்தில் பசை தங்கும். பெட்ரோல் போட்டுத் துடைத்தாலும் சட்டத்தின் ஓரத்தில் கோடு நிற்கும். அது லூவருக்கு வெளியே நிற்கிறதா, மேலேயே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். யாராவது கிட்டே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், அந்தத் "தம்பி"க்கு இன்னும் பதில் வரவில்லை.

ராயபுரம்1856 | ஞாயிறு, காலை 8.50
சாயங்காலம் பேசின்பிரிட்ஜ் போகிறேன். என்ஜின் வந்தாலும் வராவிட்டாலும் ஆறு மணி வரை நிற்பேன். பெரம்பூர்_ஷெல் வருவதாக இருந்தால் ஊசியை எடுத்துக்கொண்டு வரட்டும்.

தண்டையார்பேட்டை_யார்டு | ஞாயிறு, காலை 9.02
அப்படியே கேஜையும் அளந்துவிட்டு வாருங்கள்.