ஈலியில் வான்நோக்கர் கூடுகை: அனுபவமுள்ளோரின் ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் மாத அமாவாசையை ஒட்டி, நெவாடா மாநிலத்தின் வொயிட் பைன் கவுண்டியில் எங்கள் வான்நோக்கர் குழுவின் மூன்று நாள் கூடுகையை நடத்த எண்ணியுள்ளோம். ஏறத்தாழ 60 பேர் வருவார்கள். இருள்வானப் பூங்காவாக (செயற்கை வெளிச்சம் குறைந்து, விண்மீன்கள் தெளிவாகத் தெரியும் இடமாக) 2016-இல் அங்கீகரிக்கப்பட்ட கிரேட் பேசின் தேசியப் பூங்கா அங்கேயே இருப்பதால் வானத்தைப் பற்றிக் கவலையில்லை. தங்குமிடம்தான் சிக்கல்.

பூங்காவை ஒட்டிய பேக்கர் மிகச் சிறிய ஊர் என்பதால், இத்தனை பேருக்கு அறைகள் வேண்டுமானால் சுமார் 100 கிலோமீட்டர் மேற்கே உள்ள ஈலிக்குத்தான் போக வேண்டும். அப்படிச் செய்தால், நள்ளிரவுக்குப் பிறகு, மான்கள் குறுக்கிடும் 50-ஆம் எண் நெடுஞ்சாலையில் தூக்கக் கலக்கத்தோடு வண்டியோட்டித் திரும்ப நேரிடுமே என்பதே என் அச்சம். கூடாரம் அடிக்கலாம் என்கின்றனர் இளைஞர்கள். மலைக் குளிரில் முதியவர்களுக்கு அது ஒத்துவராது.

ஆகவே, ஈலியில் ஓட்டுநருடன் பேருந்து வாடகைக்கு எடுத்தவர்கள், பகல் உரைகளுக்கு அவ்வூர் மாநாட்டு மையத்தைப் பயன்படுத்தியவர்கள், பூங்காவில் குழுவாகத் தொலைநோக்கிகளை நிறுவ அனுமதி பெற்றவர்கள் எவரேனும் இருப்பின், எத்தனை மாதங்களுக்கு முன்பு விண்ணப்பித்தீர்கள், எவ்வளவு செலவானது என்ற விவரங்களைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.