மறு: யூபிஎஸ் அமைப்புகளில் ‘ஷட்டவுன் டிலே’

அனைவருக்கும் வணக்கம். மின்சாரம் போனால் பேட்டரியிலிருந்து கணினிக்கு மின்சாரம் தரும் யூபிஎஸ் கருவிக்கான மென்பொருளைத் தமிழாக்குவதில், ‘ஷட்டவுன் டிலே’ என்ற அமைப்புப் பெயரை எப்படிச் சொல்வது என்று எழுந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘ஷட்டவுன் டிலே’ வருமிடமெல்லாம் ‘பணிநிறுத்தத் தாமதம்’ என்றே போட்டுவிடலாமா?

போடலாம், இலக்கணத்தில் பழுதில்லை. ஆனால் பயனர் ஏமாந்துபோவார். திரையில் அந்தப் பெயருள்ள கட்டத்தில் 300 வினாடி என்று நிரப்புகிறவர், மின்சாரம் போய் ஐந்து நிமிடம் கழித்துத்தான் கணினி நிற்கும் என்று நம்புவார். யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருளில் இந்தப் பெயரோடு ஒட்டிவரும் ‘ஆஃப்டிலே’ (offdelay) என்ற அமைப்பு அந்த வேலையைச் செய்வதே இல்லை. கணினி தன் பணிகளை மூடி, வட்டில் எழுதுவதை நிறுத்தி, கடைசியாக ‘இனி நீ அணையலாம்’ என்று யூபிஎஸ்ஸுக்கு ஓர் ஆணை அனுப்பும். அந்த ஆணை போனதிலிருந்து யூபிஎஸ் தன் வெளியீட்டைத் துண்டிக்கும் வரையுள்ள நேரம்தான் இது. யூஎஸ்பி வழி இணையும் யூபிஎஸ்களுக்கான அதன் ஹெச்ஐடி இயக்கியில், நாம் எதுவும் மாற்றாவிட்டால், முன்னிருப்பாக 20 வினாடி. அங்கே 300 கொடுத்தால், ஏற்கெனவே தீரப்போகும் பேட்டரி, நின்றுவிட்ட கணினிக்கு வீணாக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

கணினி எப்போது நிற்கத் தொடங்க வேண்டும் என்பது தனிக் கதை. ஏபிசி நிறுவன யூபிஎஸ்களுக்கான ஏபிசியூபிஎஸ்டி (apcupsd) நிரலில், முன்னிருப்பாக, பேட்டரி 5 விழுக்காட்டுக்கு இறங்கினாலோ, 3 நிமிடம்தான் தாங்கும் என்று கணக்கு வந்தாலோ நிறுத்தம் தொடங்கும். அவற்றுக்குக் காத்திராமல், மின்சாரம் போன இத்தனை வினாடியில் நிறுத்து என்று சொல்லவும் ‘டைம்அவுட்’ இருக்கிறது. பயனர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, ஆணை போனதிலிருந்து மீண்டும் மின்சாரம் தரும் வரையுள்ள ‘ஆன்டிலே’ (ondelay). பலரும் கவனிக்காமல் விடுவது இதை. அணையச் சொல்லி ஆணை போய்விட்டது, யூபிஎஸ் இன்னும் துண்டிக்கவில்லை, அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது என்று வையுங்கள். யூபிஎஸ் ‘சரி, வந்தாயிற்றே’ என்று துண்டிக்காமல் விட்டால், நின்ற கணினிக்கு மின்சாரம் போய்வந்ததே தெரியாது. யாராவது பொத்தானை அழுத்தும் வரை அப்படியே கிடக்கும். அதனால் ஒருமுறை துண்டித்துவிட்டுத்தான் திரும்பத் தர வேண்டும். இதன் முன்னிருப்பு 30 வினாடி. ஆஃப்டிலேயைவிட இது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். சைபர்பவர் நிறுவனத்தின் யூபிஎஸ் கருவிகள் பல இந்த எண்ணை நிமிடமாக்கிக் கீழ்நோக்கி முழுமைப்படுத்துகின்றன. 20 வினாடி அங்கே பூஜ்யம்! அவற்றுக்கு ஆஃப்டிலே 60, ஆன்டிலே 120 என்று கொடுப்பதே வழக்கம்.

‘தாமதம்’ என்பதை நான் எதிர்ப்பதும் இங்கேதான். தாமதம் என்றாலே குறை. பேருந்து தாமதம், சம்பளம் தாமதம். கண்ணில் பட்டதும் பூஜ்யமாக்கத்தான் கை போகும். இவை நாமே வேண்டுமென்று விடும் இடைவெளிகள். எனவே என் பரிந்துரை:

மின்சாரம் போனதிலிருந்து நிறுத்தம் தொடங்கும் வரை: பொறுநேரம்.
ஆணையிலிருந்து வெளியீடு நிற்கும் வரை: துண்டிப்பு அவகாசம்.
ஆணையிலிருந்து மீண்டும் மின்சாரம் தரும் வரை: மீள்வழங்கு நேரம்.

---

> அவகாசம் வடசொல் ஆயிற்றே. ‘காலத்தாழ்ச்சி’ இருக்கும்போது ஏன்?

ஐயா, தாமதமும் வடசொல்தான். அதைப் போடச் சொன்னபோது யாரும் மூச்சுவிடவில்லை! காலத்தாழ்ச்சியிலும் அதே குறைப்பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவகாசம் என்றால் ஒருவர் இன்னொருவருக்குத் தருவது. இங்கே யூபிஎஸ் கணினிக்குத் தருகிறது. நல்ல தனித்தமிழ்ச் சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

> ‘துண்டிப்பு’ என்றால் கரண்ட் பில் கட்டாதவர் நினைவு வருகிறது. ‘வெளியீட்டு நிறுத்தம்’?

சிரித்துவிட்டேன். ஆனாலும் ‘நிறுத்தம்’ கணினிக்கே இருக்கட்டும், ‘துண்டிப்பு’ யூபிஎஸ்ஸுக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்ததால் வந்த குழப்பம்தானே இத்தனையும்.

> பொறுநேரம் புரியுமா?

ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை. புரியும் என்றே நினைக்கிறேன். கட்டமும் சிறியது, நீளமான சொல் அதில் அடங்காது. ஐயம் வராதபடி சுட்டியை மேலே வைத்தால் தோன்றும் குறிப்பில் ‘மின்சாரம் போனபின் கணினி எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்?’ என்று எழுதிவிடலாம்.

அமைப்புக் கோப்பில் வரும் ஆஃப்டிலே, ஆன்டிலே ஆகிய பெயர்களைத் தமிழாக்கக் கூடாது. இயக்கிக்கு அவை மட்டுமே தெரியும். மறுப்பு வராவிட்டால் வார இறுதியில் மூன்று சொற்களையும் களஞ்சியத்தில் ஏற்றிவிடுகிறேன்.