சிங்களத்தில் எழுதின முறைப்பாட்டில் கையொப்பம் வைக்கலாமா?

வாவிக்கரை (களுவாஞ்சிக்குடி):
மாதர் சங்கம், மீனவர் சங்கம் என்று எங்கு போனாலும் இதே கேள்விதான். ஆள் தமிழில் சொல்கிறார், பொலிஸில் சிங்களத்தில் எழுதிப்போட்டு "இதில ஒரு சைன் வைங்க" என்கிறார்கள். வைக்கலாமா? மாட்டேன் என்றால் என்ன? அடுத்தது, பிடித்த ஆளை 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டுமாம். அந்தக் கணக்கு எதிலிருந்து தொடங்குது? பிரிவு இலக்கத்தோட சொன்னால் துண்டுப்பிரசுரமாக அடித்துக் கொடுக்கலாம்.

கறுப்புக்கோட்டு (மட்டக்களப்பு):
1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவை எடுங்கோ. வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டை, சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும், எழுதினதை வாசித்துக் காட்ட வேண்டும். எழுத வரும் உத்தியோகத்தர் இல்லை என்றால், உங்களையே உங்கள் மொழியில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். உங்களால் எழுத முடியாது என்றால்தான் வேறு மொழிக்குப் போகலாம். அப்போதும் விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டுவது கட்டாயம்.

அதனால் நிலையத்துக்குப் போகுமுன் வீட்டிலேயே தமிழில் ஒன்றரைப் பக்கத்துக்குள் எழுதிக்கொண்டு போவதுதான் ஆகச் சிறந்த வழி. திகதி, நேரம், இடம், யார், என்ன செய்தார், கையில் என்ன இருந்தது, எந்த இடத்தில் காயம், பார்த்தவர்கள் யார். இவ்வளவும் போதும். "காலாகாலமாக இவன் இப்படித்தான்" போன்றவற்றை விட்டுவிடுங்கோ, பிறகு குறுக்கு விசாரணையில் அதுதான் உங்களைக் கடிக்கும்.

சாட்சியிடமோ சந்தேகநபரிடமோ எடுக்கும் வாக்குமூலத்துக்கு 110ஆம் பிரிவு. அதுவும் விசாரித்த மொழியிலேயே முழுமையாகப் பதியப்பட வேண்டும். திருத்தவும் சேர்க்கவும் சொன்னவருக்கு உரிமை இருக்கு. கையொப்பத்தைக் கடைசி வரிக்கு ஒட்டினாற்போல் வையுங்கோ. நடுவில் ஒரு வெற்று வரியை விட்டால் அதில் இன்னொரு வசனம் குடியேறலாம்.

சிங்களத்தில் எழுதி, விளக்கமும் சொல்லாமல் கையொப்பம் கேட்டால் சண்டை பிடிக்காமல் கையொப்பத்துக்கு மேலே தமிழில் இப்படி எழுதுங்கோ: "சிங்களத்தில் எழுதப்பட்டது, எனக்குத் தமிழில் விளக்கப்படவில்லை", பிறகு திகதி, நேரம். வெறுமனே மறுத்துவிட்டு வந்தால் முறைப்பாடே விழாமல் போகக்கூடும்.

வாவிக்கரை:
ஒரு சொல் மாறினால் அவ்வளவு பெரிய வித்தியாசம் வருமா?

கறுப்புக்கோட்டு:
வரும். மண்வெட்டிப் பிடியால் அடித்தான் என்று நீங்கள் சொல்ல, "அடித்தான்" என்று மட்டும் எழுதினால் தண்டனைச் சட்டக்கோவையின் 314, சாதாரண காயம். ஆபத்தான ஆயுதம் என்று வந்தால் 315. எலும்பு முறிந்தால் 316, ஆயுதத்தால் முறிந்தால் 317. பொலிஸ் எந்தப் பிரிவில் வழக்கைப் போடுது என்பது பெரும்பாலும் முதல் எழுத்திலேயே தங்கியிருக்கு. பிறகு நீதிமன்றத்தில் நீங்கள் "பிடியால்" என்று சொன்னால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து "பொலிஸில் இதைச் சொல்லவில்லையே" என்று முரண்பாடாகக் குறிப்பார். பொலிஸ் வாக்குமூலம் உங்களுக்குச் சாட்சியமாக நிற்காது. முன்பு வேறுமாதிரிச் சொன்னார் என்று காட்டத்தான் பயன்படும். வழக்கு விளக்கத்துக்கு வர வருடங்கள் போகும் நாட்டில், எழுதின சொல் மட்டும் அப்படியே நிற்கும்.

கல்முனை நானா:
24 மணித்தியாலத்தை நான் சொல்றன். குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 37ஆம் பிரிவு. கணக்கு கைது செய்த நேரத்திலிருந்து. பொலிஸ் புத்தகத்தில் எழுதின நேரம் வேற விசயம். நீதவானிடம் போகும் பயண நேரம் மட்டும் கழியும். பிரச்சினை எங்க வருதெண்டால், "விசாரணைக்குத்தான் கூப்பிட்டோம், கைதில்ல" என்று காலையில் கூட்டிப்போய் இருத்தி வைத்து, இரவு கைதாக எழுதுவது. ஆள் வீட்டைவிட்டுப் போன நேரத்தை, எந்த நிலையம், எந்த வாகனம் என்று குடும்பத்தார் உடனே தாளில் குறித்து வைக்கட்டும். போனில் எடுத்த படத்திலும் நேரம் இருக்கும். 2012 வர்த்தமானி விதிப்படி சட்டத்தரணி நிலையத்துக்கே போய் நிற்கலாம், அதுவும் ஒரு சாட்சி.

சனி, ஞாயிறு, நோன்புப் பெருநாள் லீவு எதுவும் சாட்டில்லை. பதில் நீதவான் இருப்பார், வீட்டிலேயே முன்னிலைப்படுத்துவார்கள். விதிவிலக்குகள் இருக்கு: பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் 72 மணித்தியாலம், அதற்குப் பிறகு தடுப்புக் காவல் உத்தரவு. போதைப்பொருள் என்றால் நீதவானின் அனுமதியோட கூடுதலாக வைக்கலாம்.

அடித்திருந்தால் நீதவானிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும், "சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டும்" என்று. பயத்தில் "ஒண்டுமில்ல ஐயா" எண்டால் அது வழக்கேட்டில் பதிந்துவிடும், பிறகு அழித்துக்கொள்ள ஏலாது. வெளியில் உள்ளவர் என்றால் நேரே பெரிய வைத்தியசாலைக்குப் போய் அனுமதியாகலாம். வார்டில் டொக்டரிடம் யார் அடித்தார், எதால் என்று சொன்னால் அது குறிப்பில் ஏறும். வைத்தியசாலைப் பொலிஸ் காவலரணிலும் வாக்குமூலம் எடுப்பார்கள். கண்டல் நிறம் மாறுமுன் போங்க, ரெண்டு கிழமை கழிச்சுப் போனால் டொக்டருக்கும் பார்க்க ஒண்டும் இருக்காது.

தேத்தண்ணி (அக்கரைப்பற்று):
அதெல்லாம் சரி நானா, உள்ள வைத்து அடிச்சு ஒத்துக்கொள்ள வைத்தால் ஆள் முடிஞ்சான்தானே?

கறுப்புக்கோட்டு:
இல்லை. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸிடம் சொன்ன குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு ஓட்டை: "கத்தியை அந்தப் பற்றைக்குள் போட்டேன்" என்று சொல்லி, போய்க் கத்தியை எடுத்தால் அந்தப் பகுதி மட்டும் உள்ளே வரும். இது சாதாரண சட்டத்தில். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்கோ அதற்கு மேலுள்ளவருக்கோ சொன்னது சாட்சியமாகலாம். சித்திரவதைக்கு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், வழக்கு மேல் நீதிமன்றத்தில், 7 முதல் 10 வருடம் சிறை.

தேத்தண்ணி:
அப்ப 1996க்கு ஒரு கோல் அடிச்சாப் போதும்.

கல்முனை நானா:
போதாது தம்பி. 1996 மனித உரிமைகள் ஆணைக்குழுவின் உடனடி இலக்கம், ஆளை எங்கே வைத்திருக்கு என்று தேடும் நேரத்துக்கு நல்லது. ஆனால் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்லுது. முறைப்பாடு கொடுத்ததாகச் சொன்னால் மட்டும் நீதிமன்றம் ஏற்காது, விசாரணை நடக்கிறது என்று கடிதம் வாங்கி வைக்கணும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கு. கொழும்புக்கு ஓடத் தேவையில்ல.

முறைப்பாட்டையே எடுக்க மறுத்தால் முதலில் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அலுவலகம், பிறகு தேசிய பொலிஸ் ஆணைக்குழு, இலக்கம் 1960. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்க. அதுக்கும் அசையாவிட்டால் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 136(1)(அ) பிரிவின்படி நீங்களே நீதவானிடம் தனிப்பட்ட முறைப்பாடு போடலாம். எழுத்தில் என்றால் சட்டத்தரணி தயாரித்து ஒப்பமிட வேண்டும். காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம்.

வாவிக்கரை:
கடைசியாக ஒன்று. வெளியில வரும்போது என்ன வாங்கிக்கொண்டு வரணும்?

கறுப்புக்கோட்டு:
புத்தகத்தின் பெயர், பக்கம், பந்தி இலக்கம், எழுதின உத்தியோகத்தரின் பதவியும் இலக்கமும். சிறு முறைப்பாட்டுப் புத்தகமா, பெருங்குற்றப் புத்தகமா என்றும் கேளுங்கோ. பெரிய காயத்தைச் சிறு முறைப்பாட்டில் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிரதி கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கோ, 14 வேலைநாளுக்குள் தீர்மானம் சொல்லியாக வேண்டும்.