‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படத்தைக் கொண்டு புவியியல் பாடம்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு அமைவிடம், இடம், மனிதர்–சூழல் உறவு, நகர்வு, வட்டாரம் ஆகிய ஐந்து அடிப்படைக் கருத்துகளை, 2018இல் வெளியான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படத்தின் நிலப்பரப்பைக் கொண்டு விளக்க முயன்று வருகிறேன். நகர்வை விளக்க, ஏலக்காய் மூட்டையைச் சுமந்துகொண்டு கதைநாயகன் ரங்கசாமி மலையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்குவது ஒன்றே போதும்.

வட்டாரத்தில்தான் தடுமாறுகிறேன். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் பெய்து தீர்ந்துவிடுவதால், மரநிழலும் ஈரமும் வேண்டும் ஏலச்செடி மலைமேல் செழிக்க, கிழக்கே தேனி மாவட்டத்து அடிவாரம் மழைமறைவுப் பகுதியாக வறண்டு கிடக்கிறது. ஆயினும் படத்தில், கீழே குடியிருந்து மேலே உழைக்கும் மக்கள் அந்த இரண்டையும் நாள்தோறும் நடந்தே இணைக்கிறார்கள். இவற்றை மழையால் பிரிந்த இரு வட்டாரங்கள் என்று சொல்வதா, உழைப்பால் இணைந்த ஒரே வட்டாரம் என்று சொல்வதா? இரண்டாவதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. இருப்பினும் பாடநூலின் வரையறைக்குள் அதை எப்படி நிறுவுவது என்று புவியியல் ஆசிரியர்கள் வழிகாட்ட வேண்டும்.

போடி, கம்பம் பக்கத்துப் பழைய மலைப்பாதைகளில் நடந்தவர்கள், சுமையோடு இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிவித்தால், சம உயரக் கோட்டு வரைபடத்தில் சரிவைக் கணக்கிட்டு மாணவர்களுக்குக் காட்ட மிகவும் உதவியாக இருக்கும்.