பசுவின் கீழ்த்தாடையில் அசையாத கட்டி: புற்றா, வேறையா?

அக்கராயன்_பட்டி
6 வயதுப் பசு. இடது கீழ்த்தாடையில் தேசிக்காய் அளவில் வந்த வீக்கம் இப்ப சிரட்டையளவு. கல்லுமாதிரி, தள்ளினா அசையாது. சீழ் இல்லை. வைக்கல் மெல்லக் கஷ்டப்படுது. நான் வாசிச்ச ஒண்டில ஒட்டகத்தின் தாடைக் கட்டிகளை எலும்பில் வாறது, பல் திசுவில் வாறது எண்டு பிரிச்சு எழுதியிருக்கு. மாட்டுக்கும் அது சரிவருமா? வெட்டி எடுக்கலாமா?

மாட்டுவைத்தியம்
பிரிப்பு சரிவரும், சந்தேகப்படுற ஒழுங்குதான் வேறை. ஒட்டகத்துக்கு மேலும் கீழும் கோரைப்பல் இருக்கு. மதகாலத்தில் ஆண் ஒட்டகங்கள் கடிபட்டுத் தாடை உடையும், பல்வேரில் சீழ் கட்டும். அதை விலக்கின பிறகுதான் புற்று. மாட்டில் முதல் நினைக்கிறது ஆக்டினோமைக்கோசிஸ், தாடையெலும்பில் வாற கிருமி நோய். வாயில் சும்மா கிடக்கிற கிருமி, முள்ளோ நெல்லுச் சுணையோ குத்தின காயத்தால் எலும்புக்குள்ள போகும். உள்ளே தேன்கூடுமாதிரி அரிச்சு, வெளியில புது எலும்பு போடும். வீங்கியிருக்கிறது எலும்பேதான், வெட்டினா தாடை முறியும்.

அமத்திக் குழி விழுந்தா அது நீர்வீக்கம், கதை வேறை: குடற்புழு, இரத்தசோகை.

ஆய்வுகூட_மேசை
சீழ் உடைத்தால் தண்ணீரில் அலசுங்கள். மஞ்சள் மணல் போன்ற துணிக்கைகள் தெரிந்தால் நசுக்கிக் கிராம் சாயம் (கிருமிகளை நுணுக்குக்காட்டியில் பிரித்தறியும் சாயம்) இட வேண்டும். கிளைவிட்ட ஊதா இழைகள் தெரியும்.

சீழ் இல்லையென்றால் மிருக வைத்தியர் ஆழத்திலிருந்து துண்டு எடுக்கவேண்டும். மேலோட்டமாகக் கிள்ளி அனுப்புவதுதான் வழக்கமான பிழை: புற்று உள்ளே இருக்க, அறிக்கையில் ‘அழற்சி’ என்று மட்டும் வரும். தடிப்பு 1 செ.மீ.க்கு மேல் வேண்டாம், நடுப்பகுதி அழுகிவிடும். திசு கெடாமலிருக்கப் போமலின் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்த திரவத்தில் போடுங்கள். திசுவைப்போல் 10 மடங்கு திரவம், வாயகன்ற போத்தல். உறையவைக்காதீர்கள். எலும்பை அமிலத்தில் மென்மையாக்கியே சீவமுடியும் என்பதால் பேராதனை ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வரச் சுணங்கும்.

மாட்டுவைத்தியம்
ஆக்டினோமைக்கோசிஸ் எண்டா சோடியம் அயடைட்டு, கிலோவுக்கு 70 மி.கி. 250 கிலோ பசுவுக்கு 17.5 கிராம், 10% கரைசலில் 175 மி.லி. நாளத்தில் மெதுவா ஏத்தவேணும், வெளியில ஒழுகினா சதை அழுகும். 7–10 நாளில் திரும்ப. கூட அன்டிபயோட்டிக், பால் விக்கிறதை லேபிளில் உள்ள நாளுக்கு நிறுத்துங்கோ. கண்ணீர், பொடுகு, இருமல் வந்தா அயடைட்டை நிப்பாட்டுங்கோ. சினையெண்டா முதலே சொல்லுங்கோ.

கட்டி கரையாது, வளர்ச்சி நிண்டாலே வெற்றி. புற்றெண்டா இந்த மருந்து கேக்காது. கடைவாய்ப்பல் ஆடத் தொடங்கினா மருந்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.